மூன்றாவது தடவை

மின்னசோட்டாவில் எங்கள் பக்கம் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாவது தடவையும் சரி என்ற வார்த்தை வாயில் வராது. "போட்டு வெச்சாச்சா?" என்று கேட்போம். கேட்டவருக்கும் இது தெரியும். முதல் கேள்விக்கே தண்ணீரை அடுப்பில் ஏற்றியிருப்பார்.

மான்டானாக்காரர்களுக்கு இது தெரியாது. அதை நான் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டேன், ஐம்பத்து மூன்று வயதில்.

அன்று காலை சர்க்கிள் என்ற சின்ன ஊரில் சிக்னல் கிடைத்து கைபேசிக்கு உயிர் வந்தது. என் அண்ணன் ஆர்லனின் மகள் கோரின் செய்தி அனுப்பியிருந்தாள். "அத்தை, அப்பாவுக்கு இன்னும் ரெண்டு நாள்தான்னு நர்ஸ் சொல்றாங்க. எங்க இருக்கீங்க?"

க்ளெண்டைவ் ஊரில் மூன்றரை மணிக்குக் கிழக்கே போகும் பேருந்து இருந்தது. பிடித்தால் மறுநாள் காலை மின்னசோட்டாவில் அண்ணன் வீடு. விட்டால் அடுத்தது மறுநாள் மூன்றரைக்குத்தான். நாற்பத்தெட்டு மைல். எட்டு மணிக்கு சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தேன். பதின்மூன்றாவது மைலில் பின்சக்கரத்தில் ஐந்து போக்ஸ் கம்பிகள் ஒடிந்து, ரிம் பெண்டாகி, சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது.

அழுகை வரவில்லை. சக்கரம் போனதற்கும் அண்ணன் போகப்போவதற்கும் ஒரே முகத்தோடு நின்றேன்.

பசிபிக் கரையிலிருந்து ஊரை நோக்கி சைக்கிளில் கிளம்பி நாற்பது நாளாக அப்படித்தான் இருந்தேன். ஐடஹோவில் ஒரு பாதிரியார் சர்ச்சுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஒரு தம்பதி தங்கள் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு சோபாவில் படுத்தார்கள். ஒருவர் என் பிரேக்கை இறுக்கிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் நடந்தார். யாரும் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, கையில் திணித்தார்கள். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட வாயால் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு பிக்கப் நின்றது. தொப்பி போட்ட ஆள் கண்ணாடியை இறக்கினார்.

"சக்கரம் போச்சா? ஏறிக்கிறியாம்மா? க்ளெண்டைவ்தான் போறேன்."

"ஐயோ, வேண்டாங்க. பரவால்ல."

"சரிம்மா. வெயில்ல நிக்காத."

கிளம்பிவிட்டார். இரண்டாவது கேள்விக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். வண்டி மேட்டைத் தாண்டி மறைந்த பிறகுகூட, திரும்பி வந்து கேட்பார் என்றே நினைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை அந்தச் சாலை பார்த்திருக்காது.

அப்புறம் ஒன்பது வண்டிகள். எல்லோரும் வணக்கம் சொல்வதுபோல ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். லிஃப்ட் கேட்டு நான் கட்டைவிரலை நீட்டத்தான் செய்தேன், ஆனால் இடுப்புக்குக் கீழே. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது அல்லவா.

இரண்டு மணி ஆனபோது மாட்டு டிரெய்லர் இழுத்துக்கொண்டு ஒரு டிரக் நின்றது. ஓட்டியவள் என் வயதுக்காரி. கன்னத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"ஏறுறியா?"

"இல்ல, வேண்டாம், உங்களுக்கு எதுக்கு..." நாக்கு என்னைக் கேட்கவில்லை, தானே சொல்லிவிட்டது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மின்னசோட்டாவா?"

"ஆமா."

"நெனச்சேன். என் வீட்டுக்காரன் உங்க ஊர்தான். இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு வாய் காபிக்கும் மூணு தடவ கேட்டே என் தொண்ட வத்திப் போச்சு. செத்தும் போயிட்டான், புண்ணியவான். இந்தா, மொத்தமா கேட்டுடறேன். ஏறுறியா, ஏறுறியா, ஏறுறியா? ஏறித் தொலடி!"

சைக்கிளை அவளே தூக்கிப் பின்னால் போட்டாள். பேர் வெல்டா என்றாள். தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து என் மடியில் வைத்தாள். தின்றேன். ருசி தெரியவில்லை.

"மூணரை பஸ்ஸா? பிடிச்சிடலாம். ஊர்ல யாரு இருக்கா?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். வசந்தத்தில் அண்ணனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜூன் மாதம் நான் கிளம்புவதற்கு முதல் நாள், "நான் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றான். ராத்திரிச் சாப்பாட்டில் மறுபடி கேட்டேன். உனக்கு எதற்குச் சிரமம் என்றான்.

"மூணாவது தடவ?" என்றாள் வெல்டா.

"கேக்கல."

"மறந்துட்டியா?"

"இல்ல. கேட்டா இருன்னுடுவான். அவன் சாகறத உக்காந்து பாக்கணும். பயமா இருந்துச்சு. சைக்கிளக் கட்டி வெச்சிருந்தேன், பசிபிக் கரைக்குக் கிளம்பிட்டேன்."

வெல்டா ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் ஒரு மேட்டின் உச்சியில் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் மாடுகள் தடுமாறிக் காலை உதைத்தன.

"ஊர் வர்ற வரைக்கும் இங்க மட்டும்தான் சிக்னல். போன் போட்டுக் கேளு."

"பஸ்..."

"ரெண்டு நிமிஷத்துல பஸ் எங்கயும் போயிடாது. கேளுடி."

கோரின் எடுத்தாள். "முழிச்சிருக்கார், அத்தை. பேச மாட்டேங்கறார். காதுல வைக்கறேன்."

மூச்சு கேட்டது. மரத்தை அறுப்பது போல, நின்று நின்று.

"அண்ணா, மாரிட்தான். நான் வரட்டுமா?"

மூச்சு மட்டும்தான் வந்தது. காலம் கடந்துவிட்டது என்று நினைத்தேன். கைபேசியைக் காதிலிருந்து எடுக்கப் போனேன்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றான் அண்ணன்.

"காலைல வந்துடுவேன். காலைல."

ஜூனிலிருந்து வராத அழுகை மொத்தமும் வந்தது. மூக்கைச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டேன்.

"என்ன சொன்னாரு?" என்றாள் வெல்டா.

"வரச் சொல்றான்."

மணி இரண்டு நாற்பத்தைந்து. அவள் கியரைப் போட்டாள்.