தொப்பியில் ஏறாத மீன்

"உன் டிசைன் சுத்த வேஸ்ட்! ஊசி ஒடைஞ்சு தெறிக்குது!" என்று அண்ணன் போனில் கத்தினான். பின்னால் வாடிக்கையாளர் உச்சுக்கொட்டுவதும் கேட்டது. ஆளை எதிரில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டுத் திட்டுகிறான்! அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

எம்பிராய்டரி மெஷின் அண்ணனுடையது. அதற்கான டிசைன்களைக் கம்ப்யூட்டரில் செய்து அனுப்புவது தங்கையான அவள். மீன்பிடி சங்கத்துச் சட்டைகளின் முதுகுக்கு அவள் செய்த மீனைப் பார்த்துச் சங்கத் தலைவரே வாய்விட்டுப் பாராட்டியிருந்தார். இப்போது உச்சுக்கொட்டியவரும் அவர்தான்.

புடவையைக்கூட மாற்றாமல் அண்ணன் கடைக்கு நடந்தாள். தலைவர் கிளம்பிப் போயிருந்தார். மேஜையில் ஒரு தொப்பி கிடந்தது. நெற்றிப்பக்கம் அட்டைபோல விறைத்திருந்தது. மீனைக் காணோம், நூல் மொத்தையாகத் திரண்டிருந்தது.

"நான் கொடுத்தது சட்டை முதுகுக்கு. இதுல ஏன் போட்ட?"

"தொப்பியும் கேட்டாரு. மெஷின்லயே சின்னதாக்கிட்டேன். ஒரு படத்தைச் சுருக்க எனக்குத் தெரியாதா?"

"அது படமே இல்லண்ணே! ஊசி எங்கெங்க குத்தணும்னு சொல்ற ஃபைல். மீனைச் சுருக்கினா தையல் குறையுமா? முதுகு முழுக்கக் குத்த வேண்டியதை உள்ளங்கை அகலத்துல குத்தச் சொன்னா, ஊசி ஒடையாம என்ன செய்யும்?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "சரி, விடு. தொப்பிக்குத் தனியா ஒண்ணு பண்ணிக் குடு."

"விடவா? அவர் முன்னாடி என் மானத்தை வாங்குனப்ப இந்த 'விடு' எங்க போச்சு? இப்பவே அவருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல."

"வீட்டு விஷயத்தைப் போய்..."

"அதை வெளிய இழுத்துவிட்டது நீதான். போடு."

வேறு வழியில்லாமல் போட்டான். "ஐயா... டிசைன்ல தப்பில்லீங்க. நான்தான் சுருக்கிக் கெடுத்துட்டேன்," என்று முணுமுணுத்தான்.

"என்னது? கேக்கலையே," என்றார் தலைவர்.

"சத்தமாச் சொல்லுண்ணே," என்றாள் அவள்.

சொன்னான். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னான். "அடடா, தங்கச்சிய நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க," என்றார் தலைவர், அசடு வழிய.

வீட்டுக்கு வந்து புதிதாக ஒரு மீன் செய்தாள். செதில்களை எடுத்துவிட்டு, உடம்பு, கண், வால் மட்டும் வைத்தாள். சாயங்காலம் அது தொப்பியில் பளிச்சென்று உட்கார்ந்துவிட்டது. அண்ணன் போட்டோ அனுப்பி, 'பிரமாதம்' என்று எழுதியிருந்தான்.

பார்த்தாள். பதில் போடவில்லை. அவனிடம் பேச இன்னும் மனசு வரவில்லை.