அம்புக்குறியின் கனம்

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வஜிஹா கணினித் திரைகளை வடிவமைத்து வந்தாள். அங்கே கன்வேயர் லைனை ஓட்டுவதும் நிறுத்துவதும் கண்ட்ரோல் ரூமிலிருந்து மவுஸால்தான். திரையில் ஒரு பட்டையை இடமிருந்து வலமாக இழுத்தால் லைன் ஓடும்.

பாதுகாப்புக் கதவு திறந்திருந்தால் லைன் ஓடவே கூடாது என்றுதான் முதலில் செய்து கொடுத்தாள். ஆனால் கதவின் சென்சார் பழசு. மூடியிருக்கும்போதும் திறந்திருப்பதாகக் காட்டும். உற்பத்தி நிற்கிறது என்று மேலாளர் ராஜசேகர் அந்தத் தடையை எடுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக அவள் திரையில் மவுஸோடு நகரும் அம்புக்குறிக்குக் கனம் வைத்தாள். கதவு திறந்திருப்பதாகத் தகவல் வந்தால், கை எவ்வளவு வேகமாகப் போனாலும் திரையில் அம்புக்குறி ஈரச் சாக்கை இழுப்பதுபோல மெதுவாகத்தான் நகரும். விட்டால் பின்னுக்குச் சறுக்கும். மவுஸில் எந்த எடையும் கூடவில்லை. ஆனாலும் கை அதை நம்பியது. இழுப்பவர் சற்று நின்று, கண்ணாடி வழியே லைனைப் பார்த்துவிட்டுத்தான் மேலே இழுத்தார்.

நான்கு மாதம் கழித்து ஆபரேட்டர் அன்புமணி அவளிடம் வந்தார். கல்லாவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்.

"மேடம், ஒரு ஷிப்டுக்கு நாப்பது தடவ இழுக்கறேனுங்க. பாதிக்கு மேல கதவு மூடித்தான் கெடக்குது. தோள் விட்டுப்போவுது. கொஞ்சம் லேசாக்கிக் குடுங்க."

"தடவைக்கு எட்டு செகண்டு போகுதும்மா, குறைச்சிரு" என்றார் ராஜசேகரும்.

பத்து என்று வைத்திருந்த கனத்தை வஜிஹா இரண்டுக்குக் குறைத்தாள். சென்சாரை உடனே மாற்றுங்கள் என்று ராஜசேகருக்கு மெயில் போட்டாள். பதில் வரவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, சிக்கிய தகட்டை எடுக்க லைனில் வேலை செய்யும் கிருஷ்ணப்பன் கதவைத் திறந்து உள்ளே கை விட்டிருந்தார். அன்புமணி கண்ணாடி வழியே பார்க்காமல் பட்டையை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார்.

கிருஷ்ணப்பனின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆபரேட்டரின் அலட்சியம் என்று எழுதி அன்புமணியை சஸ்பெண்ட் செய்தார்கள். ராஜசேகர் வஜிஹாவைத் தனியே கூப்பிட்டார். "பழைய செட்டிங் எதுவும் சிஸ்டத்துல இருக்க வேணாம். அழிச்சிரு. உனக்கும் அதான் நல்லது."

அவள் அழிக்கவில்லை. செட்டிங் மாறிய பதிவையும் தன் மெயிலையும் அச்செடுத்து, விபத்தை விசாரிக்க வந்த அதிகாரியிடம் கொடுத்தாள். அந்த வாரமே அவள் வேலை போயிற்று. அன்புமணியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வஜிஹா பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகே கிருஷ்ணப்பனின் மனைவி மாரம்மா உட்கார்ந்திருந்தாள். வஜிஹா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கிருஷ்ணப்பன் அவள் பக்கம் தலையைத் திருப்பினார். "நீங்க சொல்றது எனக்கு முழுசா வெளங்கலீங்க. கதவு தெறந்திருந்தா மெஷினு ஓடாதுன்னு இல்ல நெனச்சிருந்தேன்? ஓடும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்புமணிக்கு?"

"அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லலியே" என்றார் அவர்.

மாரம்மா எழுந்து, வஜிஹா வைத்த பழப் பையை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.