கிராம்புக்கு அடங்காத வாசம்

ஜோதியின் மூக்கை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. பதினாறு வருஷம் குடிகாரனோடு குடித்தனம் நடத்திய மூக்கு அது. குடித்தது பிராந்தியா, பீரா, எத்தனை மணிக்கு என்பதைக்கூடப் புருஷன் வாசல்படி ஏறும்போதே சொல்லிவிடும். அந்த மூக்குதான் ஆவணி பிறந்ததிலிருந்து அவளைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது.

வைரக்கண்ணு குரும்பலூரில் மினி வேன் ஓட்டுகிறவன். சின்ன வெங்காயம் ஏற்றிப் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் போய்வருவான். ஒரு வருஷத்துக்குக் குடிக்க மாட்டேன் என்று ஐயனார் கோயில் பூசாரி அய்யம்பெருமாள் கையால் கயிறு கட்டிக்கொண்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. கயிறு கையில் இருக்கும்போதே குடித்தால், மகளைக் கூட்டிக்கொண்டு அரியலூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் செத்தாலும் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று ஜோதி அன்றைக்கே கறாராகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்தான்.

இப்போது அவன் வாயிலிருந்து ஒரு வாசம் வந்தது. வெங்காய வாசம் என்றால் அவளுக்குத் தெரியாதா? பல் தேய்க்காத நாற்றமும் இல்லை. கனிந்து அழுகப்போகும் பழத்தைப்போல ஒரு தித்திப்பு வாடை. எங்கேயோ பழத்தில் ஊறல் போட்டு விற்கிறான்கள், இந்த ஆள் தேடிப் பிடித்துவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டாள்.

கேட்டதற்கு, "வாய் நாறுதுன்னு மண்டியில எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க ஜோதி. எனக்கே வெக்கமா இருக்கு" என்றான். நாளைக்கு மூன்று தடவை பல் தேய்த்தான். மருந்துக் கடையில் சொல்லிக் கொப்பளிக்கிற மருந்து வாங்கி வந்தான். சட்டைப் பையில் எந்நேரமும் கிராம்பு. சும்மா வாய் நாறுகிறவனா இவ்வளவு பாடுபடுவான்? இந்தக் கிராம்பு வித்தையெல்லாம் அவள் பழைய நாளிலேயே பார்த்தாயிற்று.

சந்தேகம் வந்துவிட்டால் சும்மா இருக்குமா? செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். சரக்கு அடித்த மறுநாள் தாகம் அப்படித்தான் இருக்கும். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போனான். ஒன்றுக்குப் போகிற சாக்கில் கொல்லையில் ஒளித்துவைத்ததைக் குடிக்கிறான். பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தான். குடிக்கிறவனுக்குச் சோறு எங்கே இறங்கும்? ஒரு நாள் வேன் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஆரஞ்சு கலர் சோடா பாட்டில்கள், எல்லாம் காலி. ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். ஒன்றிலும் சாராய வாடை இல்லை. ஆனாலும் கலந்து குடிக்கத்தானே கலர் வாங்குவார்கள்? பூசாரி முன்னால் நிறுத்திக் கேட்டபோது, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். பொய்ச் சத்தியம் வேறா என்று அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று.

புரட்டாசி முதல் வாரத்தில், லோடு ஏற்றப் போனவன் பாதியிலேயே திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்தான். இரண்டு தடவை வாந்தி. மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. பேச்சு குழறியது. அறை முழுக்க அந்த வாடை. பட்டப்பகலில் இந்தக் கோலம்! ஜோதி பரணிலிருந்து பையை இறக்கித் தன் துணியையும் மகள் துணியையும் திணித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து முத்தமிழைக் கூட்டிக்கொண்டு நேரே பஸ் ஏற வேண்டியதுதான்.

படி இறங்கும்போது, வீடு வீடாகச் சுகர், பிரஷர் பார்க்க வரும் பூவிழி எதிரே வந்தாள். "வா தாயி, வந்து இந்தக் கூத்தப் பாரு" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள் ஜோதி. நாளைக்கு அண்ணனிடம் சொல்ல ஒரு சாட்சி வேண்டுமே.

பூவிழி குனிந்து அவன் மூச்சை மோந்து பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அக்கா, தண்ணி நெறைய குடிச்சாரா?"

"கொடம் கொடமா."

"அடிக்கடி ஒன்னுக்குப் போனாரா? எளைச்சிட்டாரா?"

ஜோதி தலையாட்டினாள். தான் சேர்த்துவைத்ததெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று விளங்கவில்லை. பூவிழி அவன் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தாள். எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது.

"இது சாராயம் இல்லக்கா, சக்கர. இன்சுலின் பத்தாம ஒடம்புக் கொழுப்பு எரிஞ்சு வர்ற வாசம். பல்லுல கோளாறு இல்ல, ரத்தத்துல" என்று சொல்லிக்கொண்டே 108-க்குப் போன் போட்டாள். பிறகு, "நல்லவேளக்கா, நீங்க வூட்டுல இருந்தீங்க" என்றாள். தோளில் பையோடு நின்ற ஜோதிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸும் இன்சுலினும் ஏறின. மூன்றாம் நாள் வைரக்கண்ணுக்குக் கண் தெளிந்தது. வாடை போன இடம் தெரியவில்லை. ஊசியை விடாமல் போட்டு, கலரை நிறுத்திச் சர்க்கரையை அடக்கி வைத்தால் அது திரும்ப வராது, கொப்பளிக்கிற மருந்துக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். ஜோதி அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் கொட்டினாள். பை கட்டிக் கிளம்பிய பாவத்தையும் சொன்னாள்.

"தெரியும்" என்றான் அவன். "நீ ஜிப்பு இழுத்தது காதுல வுழுந்துச்சு. குடிக்கல, போவாதன்னு சொல்லத்தான் பாத்தேன். நாக்கு பொரளல."

அந்நேரம் நர்ஸ் அட்டையோடு வந்து, இவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று வைரக்கண்ணு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"முன்ன இருந்துச்சுங்க" என்றாள் ஜோதி. "எட்டு மாசமா ஒரு சொட்டு தொடல. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது.