பவளம் சொன்ன சாட்சி

ஏரிக்கரையை ஒட்டிய ஜெபக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின்போது, பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி சொல்லக் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது, மகளுக்கு நல்ல இடம் அமைந்தது, குடித்துக்கொண்டிருந்த புருஷன் குடியை விட்டான் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். ஆறு வருஷமாக அந்தச் சபைக்கு வருகிற பவளம் மட்டும் ஒருநாளும் எழுந்ததில்லை. "வேற யாருனா கீறீங்களா?" என்று பாஸ்டர் சாம்சன் கேட்கும்போது அவள் தலை தானாகக் குனிந்துவிடும். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நடவில் முப்பது பெண்களை அதட்டி வேலை வாங்குகிறவளுக்கு அப்படி என்ன கூச்சம் என்று யாரும் யோசிக்கவில்லை.

பவளம் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சாட்சி சொல்லியிருந்தாள். அது கோர்ட்டில். சொன்னது பொய்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதத்து விடியற்காலையில், தாண்டவராயன் களத்தில் இருந்த வைக்கோல் போரும் அதை ஒட்டிய டிராக்டர் கொட்டகையும் எரிந்து போயின. ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் தாண்டவராயனுடையது. காலனிக்காரர்கள் பிணம் தூக்கிப் போகிற பாதையை அவர் உழுது கழனியோடு சேர்த்துக்கொண்டிருந்தார். அதை எதிர்த்துத் தாலுக்கா ஆபீசுக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தவன் வேதகிரி. அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது, கைக்குழந்தைக்குத் தகப்பன். தீயை அவன்தான் வைத்தான் என்று தாண்டவராயன் நம்பினாரா, நம்ப விரும்பினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

பவளத்தின் புருஷன் ஏகாம்பரம் அவரிடம்தான் டிராக்டர் ஓட்டினான். குடியிருந்ததும் அவர் கொல்லையின் மூலையில் இருந்த வீட்டில்தான். தாண்டவராயன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவன்தான் வச்சான்னு ஊருக்கே தெரியும். கண்ணால பாத்த ஆளு ஒண்ணு வோணும். நீ அந்நேரம் கொல்லைக்குப் போறவதான?"

"நா யாரையும் பாக்கல ஐயா."

"பாத்திருப்ப. நல்லா யோசிச்சிப் பாரு."

அவர் குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் சொன்னான். "நாம இருக்கறது யார் எடம்னு மட்டும் நெனச்சிக்கோ."

விசாரணையன்று பவளம் கூண்டில் ஏறியபோது எதிரே நின்ற வேதகிரியின் முகம் தெளிந்தது. பவளம் அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று அவன் நினைத்திருக்கிறான். அந்தத் தெளிவைப் பார்த்துக்கொண்டேதான் அவள், "பாத்தேன். இவருதான். கையில கொள்ளி வச்சிருந்தாரு" என்றாள்.

மூன்று வருஷம் தண்டனை. இரண்டாவது வருஷம் அவன் தாய் செத்தாள். கொள்ளி வைக்க அவனைப் போலீஸ் காவலோடு அழைத்து வந்தார்கள். உழுது போட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் சேற்றில், வரப்பு வரப்பாகப் பிணம் போயிற்று. கும்பலில் பவளமும் நின்றாள். வேதகிரி அவளைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பிறகு ஏகாம்பரம் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து செத்தான். அந்த ஒரு மாதமும் பாஸ்டரின் மனைவி ஷீபா வந்து வந்து உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணினாள், கஞ்சி கொண்டு வந்தாள், சில நாள் சும்மாவே இருந்துவிட்டுப் போனாள். அப்படித்தான் பவளம் ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். மறு வருஷம் ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். தண்ணீரிலிருந்து தூக்கிவிட்ட சாம்சன் அவள் காதருகே, "மீட்டுட்டாரு மா. இனிமே நீங்க யாருக்கும் அடிமை இல்ல" என்றார். அவள் அதை நம்பினாள். கோர்ட்டில் சொன்னதையும் சேர்த்துத்தான் முழுகி எழுந்தாள். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனாலும் வேதகிரி குடியிருக்கும் தெரு வழியாக அவள் போவதில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

இந்த வருஷம் சித்திரையில் இன்னொரு வைக்கோல் போர் எரிந்தது. பட்டப்பகலில், வேறு யாருடைய களத்திலோ. மின்கம்பி உரசிப் பொறி விழுந்தது என்று சாயந்திரம் தெரிந்தது. ஆனால் அதற்குள் நாலு பேர் வேதகிரி வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். சிறையிலிருந்து வந்ததிலிருந்து ஊரில் அவனுக்குக் கொள்ளி வேதகிரி என்றுதான் பெயர். சென்ட்ரிங் வேலைக்குப் போகாமல் அன்று வீட்டில் இருந்தது அவன் கெட்ட நேரம். போலீஸ் ஜீப் வந்தது. ஆறாவது படிக்கிற மகள் அழ, ஒற்றைக் காலில் செருப்போடு அவன் ஏறி உட்கார்ந்தான். தகராறு பண்ணவில்லை. பழக்கப்பட்டவன்போல உள்ளே நகர்ந்து இடம் கொடுத்து உட்கார்ந்தான்.

களை எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பவளம் அதைப் பார்த்தாள். மறுநாள் காலையில் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பாகிவிட்டது என்று யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் சாம்சனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அம்மா, அது சிலுவையில தீந்து போச்சி. ஆண்டவரே நெனைக்காதத நீங்க ஏன் நெனச்சிக்கினு கீறீங்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெபக்கூடத்துக்கு வர்ற வழியும் தாண்டவராயன் கொல்லை வழியாத்தான் வருது. உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும் ஐயா. ஆண்டவரு மன்னிச்சதும் தெரியும். அது தெரியாம இருந்தா எனக்கு வாய தொறக்கவே தைரியம் வராது." பவளம் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள். "மன்னிப்பு கெடைக்கணும்னு சொல்லப் போறதில்ல. கெடைச்சிட்டுது. நான் வெளிய வந்துட்டேன். அவன் இன்னும் உள்ளதான் கீறான்."

சாம்சன் தலையைக் குனிந்துகொண்டார். வழியைப் பற்றிப் பேசியதற்கு வெட்கப்பட்டவர்போல இருந்தது.

மகன் செந்தமிழன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். ஊரறிய உண்மையைச் சொல்லப் போவதாகப் போனில் சொன்னதும் பதறினான். "இன்னாத்துக்கு மா இப்ப? வூட்ட காலி பண்ணச் சொன்னா எங்க போவ? உன்னயே புடிச்சி உள்ள வச்சா?"

"வச்சா இருந்துட்டு வரேன் நைனா."

"உனக்கு இன்னா ஆச்சி?"

"நல்லாத்தான் கீறேன். நீ பயப்படாத."

ஞாயிறு மத்தியானம் அவள் ஏரிக்கரையைச் சுற்றாமல் நேராக வேதகிரி தெருவுக்குள் நடந்தாள். வேதகிரி வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. முப்பத்தாறு வயது என்று சொல்ல முடியாது.

"வேதகிரி, நான் கோர்ட்ல சொன்னது பொய்."

அவன் நிமிரவில்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான்.

"எனக்குத் தெரியாததா இன்னா? நான் அன்னிக்கு ராத்திரி மாமியார் வூட்ல இருந்தேன். நீ பொய் சொன்னது நீ சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்ற."

அவன் செயினை மறுபடி கையில் எடுத்தான்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ நிம்மதியா போயிடுவ. அப்டித்தான?"

"இல்லப்பா. அதக் கேக்க வரல."

"எங்கம்மா சேத்துல போச்சி, பாத்தியா? பாத்துக்கினு இருந்த." அவன் குரல் ஏறவில்லை. "போ. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

"சொல்றேன். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் பவளம்.

மே ஒன்றாம் தேதி பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கிராம சபை கூடியது. சாமியானா கட்டி, தாண்டவராயனுக்கும் இன்னும் சிலருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று வரிசையாகப் பேசி முடித்ததும் எழுத்தர், "வேற யாருக்காவது கோரிக்கை இருக்கா?" என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் பவளம் எழுந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடவுக்காரி கோவிந்தம்மாள் ரேஷன் விஷயம் பேசப் போகிறாள் என்று நினைத்து, "சர்க்கரையப் பத்தியும் கேளு" என்று கிசுகிசுத்தாள்.

"கோரிக்கை இல்லீங்க. ஒரு விஷயம். பதினோரு வருஷம் முன்னாடி போரு எரிஞ்ச கேசுல வேதகிரிய பாத்தேன்னு நான்தான் சாட்சி சொன்னேன். நான் பாக்கல. யாரையுமே பாக்கல. அவன் ஜெயிலுக்குப் போனது என் பொய்யால. இனிமே அவன யாரும் கொள்ளின்னு கூப்பிடக் கூடாது. கூப்பிடணும்னா என்னக் கூப்பிடுங்க."

தாண்டவராயன் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

"ஏகாம்பரம் போனதுலேர்ந்து இதுக்குப் புத்தி சரியில்ல. எழுதாதய்யா அத."

"புத்தி சரியாத்தான் கீது ஐயா. நீங்க சொல்லச் சொன்னீங்க. ஆனா சொன்னது என் வாயி. அதனால என் பேருலயே எழுதட்டும்."

"எந்த எடத்துல குடியிருந்துக்கினு பேசறோம்னு தெரிஞ்சி பேசு."

"காலி பண்ணிக்கிறேன் ஐயா" என்றாள் பவளம். பதினோரு வருஷம் அவளைக் கட்டி வைத்திருந்த கயிறு இவ்வளவுதான் கனமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எழுத்தர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். அப்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த சாம்சன், "அந்தம்மா சொன்னத எழுதுங்க சார்" என்றார். அவர் சொன்னதும் காலனிப் பக்கத்திலிருந்து இன்னும் ரெண்டு குரல், "எழுதுங்க" என்றது. எழுதினார்கள். பவளம் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். வேதகிரி தெருவோரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கே இல்லை.

மறுவாரம் ஜெபக்கூடத்துக்குப் போகிற வழியில் தாண்டவராயன் ஆட்கள் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். சபையார் வாய்க்கால் வழியாகச் சுற்றி வந்தார்கள். முணுமுணுத்தவர்களும் உண்டு. பவளம் வீட்டைக் காலி செய்தாள். கோவிந்தம்மாள் காலனியில் தன் வீட்டுப் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தாள். உள்ளூரில் தாண்டவராயன் நிலத்தில் அவளுக்கு நடவு இல்லை என்று ஆனதால், ஷேர் ஆட்டோ பிடித்து மாகறல் பக்கம் வேலைக்குப் போனாள். அங்கே அவள் புது ஆள். தலைவி இல்லை, வரிசையில் கடைசி. வெயில் சுள்ளென்று அடிக்க, சேற்றில் நின்று நாற்று முடியை அவிழ்க்கும்போது சில சமயம் காரணம் இல்லாமல் அவளுக்குப் பாட்டு வரும். பக்கத்தில் இருக்கிறவள், "இன்னா இவ்ளோ குஷி?" என்பாள். பவளம் அடுத்த முடியை எடுப்பாள்.

ஆடி பிறந்தபின் ஒருநாள் வேதகிரியின் வக்கீல் ஆள் அனுப்பினார். தண்டனையை ரத்து செய்யச் சொல்லி மேல் கோர்ட்டில் மனு போட்டிருந்தார்கள். கிராம சபையில் எழுதியதன் நகலும் அதில் இருந்தது. வக்கீல் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார். "பொய் சாட்சி சொன்னதுக்கு உங்க மேலயே கேஸ் வரலாம். நல்லா யோசிச்சிக்கோங்க." அவள் யோசித்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு மாதக்கணக்கில் போயிற்று. நீதிபதி அவளை ஒரே ஒரு கேள்விதான் சுற்றிச் சுற்றிக் கேட்டார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?

"பயந்தேங்க."

"இப்போ மட்டும்?"

"பயம் கீதுங்க. ஆனா இப்ப நான் அதுக்கு வேலைக்காரி இல்ல."

மறு வருஷம் தையில் வேதகிரி குற்றமற்றவன் என்று தீர்ப்பு வந்தது. பவளத்தின் மேல் நடவடிக்கை எடுப்பதா என்று தனியாக விசாரிக்கச் சொல்லி ஒரு வரி கூடவே இருந்தது. வக்கீல் அதைப் படித்துச் சொன்னபோது அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அன்று கோர்ட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். ரொம்ப நேரம் பஸ் வரவில்லை. வேதகிரிதான் முதலில் பேசினான்.

"உன்ன உள்ள போட்டா இன்னா பண்ணுவ?"

"போவேன்."

"அங்க சாப்பாடு வாயில வைக்க முடியாது." அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் இன்னும் உன்ன மன்னிக்கல."

"தெரியும்பா."

"ஒருவேளை மன்னிக்காமலே கூடப் போவேன்."

"அது உன் இஷ்டம். நான் அதுக்காகக் காத்துக்கினு இல்ல."

அவன் அப்போதுதான் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தான். கூண்டில் பார்த்ததற்குப் பிறகு இத்தனை நேரம் அவள் முகத்தை அவன் பார்த்தது கிடையாது. எதையோ தேடுகிறவன்போலப் பார்த்தான். அவளும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

ஊருக்குப் போகிற உத்திரமேரூர் பஸ் வந்தது. கூட்டம் அதிகம். வேதகிரி முன்பக்கம் ஏறினான், பவளம் பின்பக்கம். கம்பியைப் பிடித்து நின்றவளிடம் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, "முன்னாடி ஒரு சீட்டு காலியாவுது, வேணும்னா போய் உக்காரும்மா" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் பவளம். "நின்னுக்கினே வரேன்." ஜன்னல் வழியாக அறுவடை முடிந்த கழனிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.