மூன்றாம் மாடி, ஒன்பதாம் கட்டில்

எனக்குக் கோபம் வந்தால் கை ரம்பத்தைத்தான் தேடும். கதவும் அலமாரியும் செய்து பிழைக்கிறவனுக்கு வேறு என்ன கையில் சிக்கும்? ஆனாலும் வேதக்கோயில் பெஞ்சை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனது கொஞ்சம் அதிகம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூன்றாம் மாடி, ஒன்பதாம் கட்டில். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சபைதான் வரும் என்று மலைபோல் நம்பியிருந்தேன். பட்டறையிலிருந்து சபைச் செயலாளர் அக்காவுக்கு, ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று கட்டில் எண்ணோடு தகவலும் போயிருந்தது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க மைத்துனனுடைய மைத்துனன்கூட பிஸ்கட்டோடு வந்தான். எனக்கு ஒரு ஈ, காக்கை வரவில்லை. தினமும் பார்வையாளர் நேரத்தில் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேரம் முடிந்து மணி அடித்ததும் சீப்பைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

இருபத்திரண்டு வருடமாக ஒரே பெஞ்சில், ஜன்னலோரம், ஏழாவது ஆளாக உட்கார்ந்தவன் நான். அந்த இருபத்திரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த எத்தனை பேரை நான் போய்ப் பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

வீடு திரும்பியதும், முதல் ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு கோயிலுக்குள் நுழைந்தேன். என் இடத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தாடையில் தழும்பு, மடியில் என் பாட்டுப் புத்தகம். சபையார் என்னைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், திருதிருவென்று விழித்தார்கள். செயலாளர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆள் படுத்ததும் இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சா? நல்லா இருங்க!" என்று கத்திவிட்டு வெளியேறினேன்.

சாயங்காலம் போதகர் வந்து கதவைத் தட்டினார். "தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு. கொஞ்சம் கதவைத் திறங்க."

"வீட்டுல யாரும் இல்லை!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"அப்படியா? சரி, இருக்கறப்ப வரேன்" என்று போய்விட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

மறுநாள் மத்தியானம், கோயிலில் ஆள் இல்லாத நேரமாகப் போய், என் இடத்தை மட்டும் அளந்து அறுத்தேன். மீதிப் பெஞ்சு சாயாமலிருக்கப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுத்தேன். அந்த அளவுக்கு எனக்கும் நியாயம் உண்டு. வாடகை வண்டிக்காரர் என் துண்டைத் தூக்கி வைத்துவிட்டு, "சார், மீதி எங்க?" என்றார். "மீதி தேவையில்லை, வண்டியை எடுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில், என் பெஞ்சில், என் சபை கூடியது. துண்டுக்கு ஒரு பக்கம்தான் கால் என்பதால் மறுபக்கத்தை என் நல்ல காலால் தாங்க வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்த பாட்டை மட்டும் பாடினேன். பிரசங்கத்தை மூன்று நிமிடத்தில் முடித்தேன். ஆமென் சொல்ல ஆளில்லாததால் அதையும் நானே சொன்னேன்.

அப்பத்தில்தான் சிக்கல் வந்தது. எங்கள் சபையில் திருவிருந்து அப்பத்தை யாரும் தானாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் பிட்டு, 'உனக்காக' என்று சொல்லிக் கையில் வைக்க வேண்டும். அவர் நமக்கு ஆகாதவராக இருந்தாலும் வேறு வழியில்லை. நான் வலது கையால் பிட்டு இடது கையில் வைத்து, "உனக்காக" என்றேன். கூட்டமில்லாத வீட்டில் அது யாரோ தன்னோடு தானே பேசுகிற பைத்தியத்தின் குரலாகக் கேட்டது. இன்னொரு தடவை சொன்னேன். அழுகை வந்துவிட்டது. கால் நழுவி, பெஞ்சும் நானும் அப்பமும் தரையில் கிடந்தோம்.

எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். என் இடத்தைப் பிடித்த அதே தாடைக்காரர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்.

"பாட்டு நம்பர் சொன்னதும் ஆளுக்கொரு புத்தகத்தை உருவிட்டாங்க, அண்ணே. பெஞ்சு சாய்ஞ்சு அத்தனை பேரும் என் மேல விழுந்துட்டாங்க."

"நல்லா வேணும்."

அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு கட்டிடம் அண்ணே. நீங்க புதுசுல இருந்தீங்க. நான் பழசுல, அதே மூணாம் மாடி, ஒன்பதாம் கட்டில். லாரி மோதி முகம் பூரா கட்டு, தாடைக்குக் கம்பி. ஏணியில விழுந்தா முகமும் போகும்தானேன்னு, உங்க சபைக்காரங்க என்னை நீங்கன்னு நினைச்சுட்டாங்க."

"எத்தனை நாள் வந்தாங்க?"

"பத்தொன்பது நாளும். சூப்பு கொண்டுவந்து குழாய் வச்சு உறிஞ்ச வச்சாங்க. அக்கா கால் அமுக்கி விட்டாங்க. உங்க பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவாங்க."

"அது என் சூப்பு!"

"ஆமா அண்ணே. நல்லா இருந்துச்சு."

"கட்டைப் பிரிச்சப்ப மூஞ்சியைப் பார்த்திருப்பாங்கல்ல?"

"பார்த்தாங்க. டாக்டர் கைராசிக்காரர், முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலைன்னு அக்கா சொன்னாங்க."

ஊன்றுகோலைத் தேடினேன், அடிக்கத்தான். "வாய்தானே கட்டியிருந்துச்சு? கை நல்லாத்தானே இருந்துச்சு? எழுதிக் காட்ட என்ன கேடு?"

அவர் கீழே பார்த்தார். "சிலேட்டு கொடுத்தாங்க. ரெண்டாம் நாளே எழுதிட்டு, காட்டாம அழிச்சுட்டேன். தெரிஞ்சா மறுநாள் வரமாட்டாங்களோன்னு பயம். எனக்குன்னு யாரும் இல்லை அண்ணே."

என் சீப்பு ஞாபகம் வந்தது. இவனும் அதே நேரத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். சபை வராமலில்லை, ஒரு நாள் தவறாமல் வந்திருக்கிறது. எனக்கு நடக்காததால் எங்குமே நடக்கவில்லை என்று நான்தான் ரம்பத்தை எடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. சூப்பை நினைத்தால் எரிச்சலும் போகவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேருமாகப் பெஞ்சை ஒட்டவைத்தோம். ஒரு ஆள் இடம் கூட்டி எட்டாக்கினேன். ஒட்டிய இடத்தில் யார் உட்கார்ந்தாலும் கொஞ்சம் கிள்ளும். ஞாயிற்றுக்கிழமை அப்பம் வரிசையாக வந்தது. ஏழாவதாக இருந்த தாடைக்காரர் பிட்டு, கோணிய வாயால், "உனக்காக" என்று என் கையில் வைத்தார். இந்தத் தடவை தின்ன முடிந்தது.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் அக்கா ஓடிவந்தார். "கடிகாரக் கடைக்காரரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. நாலாம் மாடி, ரெண்டாம் கட்டில்."

"எந்தக் கட்டிடம்?" என்றேன்.

அக்கா விழித்தார். போதகர் போனை எடுத்தார். "இருங்க, கேட்டுடறேன்."

"கேக்காதீங்க ஐயா" என்றேன். "அக்கா, சூப்பை ரெண்டு தூக்குல ஊத்துங்க."

தாடைக்காரர் ஒரு தூக்கை வாங்கிக்கொண்டு பழைய கட்டிடத்துக்குக் கிளம்பினார். நான் மற்றதை எடுத்துக்கொண்டு புதியதுக்குப் போனேன். சட்டைப் பையில் சீப்பு இருந்தது.