எந்திரங்களுக்கு முன்பக்கம்

கோலஸ்கி பௌலிங் கூடத்தை விற்றுவிட்டதாகக் காஸ் வந்து சொன்னபோது, நான் பந்து உருட்டும் ஏழாம் தடத்தின் பின்னால், கட்டை அடுக்கும் எந்திரத்துக்குள் இடுப்புவரை தலைகீழாகக் கவிழ்ந்திருந்தேன்.

"பெர்னிஸ், கொஞ்சம் வெளியே வாயேன். ஒரு விஷயம் பேசணும்."

"அங்கேருந்தே பேசுங்க. கால்தான் வெளியே இருக்கு, காது இங்க நல்லாக் கேக்குது."

"கூடத்தைக் கொடுத்துட்டேன். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமையோட சரி."

வெளியே வந்தேன். காஸுக்கு அப்போது எழுபத்தேழு வயது. இரண்டு முழங்காலிலும் அறுவை நடந்திருந்தது. அரிசோனாவில் இருக்கும் மகள் வருடம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மில்வாக்கியின் இன்னொரு குளிர்காலத்தை அவர் தாங்கமாட்டார் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் அழுவேன் என்று எதிர்பார்த்து நின்றார்.

"யாரு வாங்கினது?"

"சிறுநீரக ஆஸ்பத்திரி கட்டப் போறாங்களாம்."

"சரியான ஆளுங்கதான். முப்பது வருஷமா இங்க பீர் குடிச்சவங்க எல்லாரும் வழி கேக்காமப் போய்ச் சேந்துடுவாங்க."

காஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியே சிரிப்பு அழுகையாக மாறியது. துடைத்துக்கொள்ள என் கையிலிருந்த துணியைக் கொடுத்தேன். எண்ணெய்த் துணி. அன்று மாலை முழுக்க மூக்கில் கறுப்புக் கோட்டோடு வாடிக்கையாளர்களிடம் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தர்கூட அதைச் சுட்டிக்காட்டவில்லை.

நான் அங்கே சேர்ந்தது மீன் பொரிக்க. வெள்ளிக்கிழமை தோறும் தெற்குப் பகுதி முழுக்க மீன் சாப்பிட வரும். உருளைக்கிழங்கு அப்பமும் முட்டைக்கோஸும் கூட. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒரு வெள்ளிக்கிழமை, எந்திரம் பார்க்கும் ஆள் காஸோடு சண்டை போட்டுக்கொண்டு நடுவேலையில் தொப்பியை எறிந்துவிட்டுப் போய்விட்டான். கால் மணி நேரத்தில் நாலாம் தடம் நின்றுபோயிற்று. லீக் ஆட்டக்காரர்கள் பெஞ்சைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். நான் கையிலிருந்த மாவைக் கழுவிவிட்டு, தடங்களின் பின்னால் இருக்கும் சந்துக்குள் போனேன்.

அதற்குமுன் அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. பதினாறு எந்திரங்கள் வரிசையாக நின்று, விழுந்த கட்டைகளை வாரி மேலே தூக்கி, பத்துப் பத்தாக அடுக்கி மறுபடி நிறுத்திக்கொண்டிருந்தன. சத்தம் காதைப் பிளந்தது. ஆறு அண்ணன் தம்பிகள் இருந்த வீட்டில் துணி துவைக்கும் எந்திரத்தைப் பழுது பார்த்து வளர்ந்தவள் நான். நாலாம் எந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஒரு வார் கழன்று தொங்கியது. அவ்வளவுதான்.

பின்னாலேயே காஸ் ஓடிவந்தார். "ஏய், கையை எடு! விரல் போயிடும்!"

"கொதிக்கிற எண்ணெயில போகாத விரலு இதுலயா போகப் போவுது? நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

தடம் ஓடியது. திங்கட்கிழமையிலிருந்து மீன் பொரிக்க வேறு ஆள் வந்தாள்.

என் தோழி லோடியை எனக்கு நெருக்கமாக்கியதும் இந்த எந்திரங்கள்தான். கூடத்துக்கு மேல்மாடியில் ஒரு விருந்து மண்டபம் இருந்தது. எழுபத்தொன்பது ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை பூசையில் திருமணம் முடித்து, மதிய விருந்துக்கு எழுபது பேரோடு அங்கே வந்தாள் லோடி. வந்து சேர்ந்ததும் பனி பிடித்துக்கொண்டது. வாத்தியக்காரர்களின் வண்டி எங்கோ சிக்கிக்கொண்டது. தெருவில் நிறுத்திய கார்கள் கண்ணெதிரிலேயே புதைந்தன. பாட்டில்லை, நடனமில்லை, வீட்டுக்குப் போகவும் வழியில்லை. பெண்ணின் அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பாரியே வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

காஸ் மாடிப்படியில் நின்று கத்தினார்: "கீழ பதினாறு தடம் சும்மா கெடக்கு! காலணி கொடுக்கிறேன், இறங்கி வாங்க!"

இறங்கினார்கள். மாமன்மார்கள் கோட்டைக் கழற்றினார்கள். பாதிரியார் முதல் பந்திலேயே ஒன்பது கட்டையைச் சாய்த்தார். மணப்பெண்ணும் கல்யாண கவுனோடு வந்து ஒரு பந்தை உருட்டினாள். பந்து திரும்பி வரும் இடத்தில் குனிந்தவளின் கவுன் ஓரம் அங்கே சுழலும் சக்கரத்தில் மாட்டி, உள்ளே இழுக்க ஆரம்பித்தது. அலறல் கேட்டதும் பின்னாலிருந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு முன்னால் ஓடினேன். ஒரு முழத் துணி உள்ளே போயிருந்தது. லோடி முட்டி போட்டபடி கவுனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இழுத்தா வராது. வெட்டணும்," என்றேன்.

அவள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எங்க அம்மா போட்ட கவுனு அது!"

லோடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கத்திரிக்கோல் இருக்கா?"

"மீன் வெட்டுறதுதான் இருக்கு."

"கொண்டா."

முட்டிவரை வட்டமாக வெட்டினேன். எழுந்து நின்று காலை வீசிப் பார்த்தாள். "இப்பத்தான் நடக்கவே முடியுது!" என்று சொல்லிப் பந்தை எடுத்து உருட்டினாள். பத்துக் கட்டையும் விழுந்தன. அவள் அம்மாவே கை தட்டிவிட்டாள். அடுத்த வாரம் லோடி தன் பெயரை லீக்கில் கொடுத்தாள். கல்யாணம் ஆறு வருடம்தான் நிலைத்தது. பௌலிங் முப்பது வருடம். "எதை எங்க வச்சுக் கும்பிடணும்னு எனக்குத் தெரியும்" என்பாள்.

கடைசிச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு லோடி பின்சந்தின் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"ஏண்டி பெர்னிஸ், எங்க அணியில நாலாவது ஆளு ஃப்ளோரிடா போயிட்டா. சனிக்கிழமை நீதான் ஆடுற."

"நானா? நான் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடினதில்லையே."

"அதைத்தான் சொல்றேன். இத்தனை வருஷம் இங்க இருந்துட்டு ஆடாமப் போனா ஊரு என்னைத்தான் திட்டும்."

"எந்திரத்தை யாரு பாப்பா?"

"காஸ் பாப்பாரு. நான் கேட்டுட்டேன்."

காஸுக்கு எந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். கட்டைகள் எப்படி விழும் என்று என்னைவிடக் கண்டவள் யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு. எல்லோரிடமும் அதைச் சொல்லியும் வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. வாடகைக் காலணியை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு பதினோராம் தடத்தில் நின்றேன். முதல் பந்து ஓரப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவது பந்து எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது.

"ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கான்னு பாத்துட்டா," என்றாள் லோடி. பக்கத்துத் தடத்துக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் ஆட்டத்தில் எழுபத்தொன்று எடுத்தேன். அந்தக் கூடத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்கள் எடுப்பார்கள் அதை. ஆனால் எனக்குக் கூச்சம் வரவில்லை. பந்தை விட்டபின் அந்த அறுபது அடி தூரம் அது போகும் நேரம் இருக்கிறதே, அப்போது நெஞ்சு ஏறி இறங்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பின்னால் நிற்பவளுக்குப் பந்து வரும், கட்டை விழும், முடிந்தது.

இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் பதினோராம் எந்திரம் நின்றது. உள்ளிருந்து காஸின் குரல் கேட்டது: "பெர்னிஸ்! இதுக்கு என்ன கோபம்னு தெரியல!"

ஓடினேன். மேலே தூக்கும் சக்கரத்தில் ஒரு கட்டை குறுக்காகச் செருகியிருந்தது. நிறுத்தி, எடுத்து, ஓடவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பினால் வாசலில் லோடி நிற்கிறாள். முப்பது வருடத்தில் ஒருநாளும் அந்தக் கதவுக்கு உள்ளே அவள் கால் வைத்ததில்லை.

"பயமா இருக்குடி," என்று காதில் கத்தினாள். "எப்பவும் இப்படியா கத்தும்?"

"இன்னைக்கு விருந்தாளி வந்திருக்கான்னு கொஞ்சம் அடக்கி வாசிக்குது. வா, இங்க நில்லு."

அவள் தோளைப் பிடித்து எந்திரத்துக்குப் பக்கத்தில், கட்டைகளைப் பின்னாலிருந்து பார்க்கும் இடுக்கில் நிறுத்தினேன். காஸிடம், "முன்னாடி போய் எனக்குப் பதிலா ஒரு பந்து போடுங்க" என்றேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு போனார். ஐந்து வருடமாக அவர் பந்தைத் தொட்டதில்லை. சற்று நேரத்தில், தூரத்து வெளிச்சத்தில் குட்டையான ஓர் உருவம் குனிந்தது. பந்து மெதுவாக, மிக மெதுவாக உருண்டு வந்தது. லோடி என் கையை இறுகப் பற்றினாள். வந்து மோதியதும் பத்துக் கட்டையும் எங்கள் முகத்துக்கு நேரே வெடித்துச் சிதறின.

லோடி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அடிப்பாவி! இத்தனை வருஷமா நல்ல இடத்தை நீ மட்டும் வச்சிக்கிட்டியே!"

அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. நாலு நாலு பேராகப் பின்சந்துக்கு வந்தார்கள். நான் ஒவ்வொருவரையும் நிறுத்தி, கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, பார்க்க வைத்தேன். லீக் செயலாளர் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், இது ஆட்டமா கண்காட்சியா என்று. அவரையும் இடுக்கில் நிறுத்தினோம். இரண்டு பந்து பார்த்துவிட்டு, புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்றாவதும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

காஸின் பந்து செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மூன்றாம் ஆட்டத்தில் நான் நூற்றுப் பன்னிரண்டு எடுத்தேன். அதில் ஒரு ஸ்ட்ரைக், ஒரே பந்தில் பத்துக் கட்டையும். எங்கள் அணி ஒன்பது கட்டை வித்தியாசத்தில் தோற்றது. "அந்த முதல் ரெண்டு பந்துதாண்டி," என்று லோடி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எந்திரங்களில் ஆறை, இருபது மைல் மேற்கே இருக்கும் ஒரு கூடத்துக்காரர் வாங்கினார். ஏற்றிப்போக லாரி வந்த அன்று அவரிடம் நேராகவே கேட்டேன், இவற்றை யார் பார்ப்பார்கள் என்று. ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, தயக்கத்தோடு என் வயதைக் கேட்டார்.

"அம்பத்தஞ்சு. ஒரு வாரம் ஓட்டிக் காட்டுறேன். பிடிக்கலைன்னா அனுப்பிடுங்க."

ஒரு வாரம் கழித்து அவர் சாவிக்கொத்தைக் கொடுத்தார். இப்போது வாரத்தில் நான்கு நாள் அங்கே எந்திரங்களுக்குப் பின்னால் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் லோடி தன் காரில் வந்து என்னை ஏற்றிக்கொள்கிறாள். அன்று மட்டும் முன்பக்கம். போன மாதம் நூற்று நாற்பத்தாறு எடுத்தேன். அரிசோனாவுக்குப் போன் போட்டுக் காஸிடம் சொன்னேன். நம்பவில்லை. லோடியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.