எந்த வண்டியில் வெள்ளையம்மா

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் ஓசூர்ப் பெருமாள் தன் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணம் முடிந்த கையோடு மத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். சம்பந்தியம்மாளுக்கு வெகுநாளாக ஓர் ஆசை. பெங்களூரில் குகைக்குள்ளே இருக்கும் ஈசுவரனைப் பார்க்க வேண்டும். அப்படியே, துரைமார் வெயிலுக்குப் போய்த் தங்குவார்களாமே, அந்த நந்திமலையையும் பார்த்துவிட வேண்டும். அதைக் காப்பி குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார். பெருமாள் அன்றைக்கே ஏற்பாடு செய்துவிட்டார். சம்பந்தியிடம் சொந்தமாக ஒரு மோரிஸ் கார் இருந்தது. அது போதாதென்று ஓசூரிலேயே ஒரு பழைய ஷெவர்லே காரை டிரைவர் திம்மப்பனோடு வாடகைக்குப் பேசினார்.

பெருமாளின் அக்கா வெள்ளையம்மா முதல்நாளே புளி கரைத்து வைத்து, விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டினாள். அவளைச் சிங்காரப்பேட்டையில் கொடுத்திருந்தது. புருஷன் விஷக்காய்ச்சலில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பிள்ளை கிடையாது. தம்பி போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பு அவளுடையது. யாரும் அவளை ஒரு சொல் கடிந்து பேசினதில்லை. அவளும் யாரும் கடிந்து பேசும்படி வைத்துக்கொண்டதில்லை. மங்கல காரியம் எது நடந்தாலும் அடுக்களைக்குள் இருந்துகொள்வாள். வெளியே கிளம்புகிறவர்களுக்கு எதிரே வந்துவிடக்கூடாது என்று கதவுக்குப் பின்னால் நிற்பாள். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அன்று புளிசோற்று அண்டாவை மூடிக் கட்டும்போது பெருமாளின் மனைவி சரோஜம்மாள் வந்து, "அண்ணி, நீங்களும் வந்துருங்க. அங்க எல போட்டுப் பரிமாற ஆள் வேணுமில்ல?" என்றாள்.

வெள்ளையம்மா அண்டாவின் முடிச்சை இறுக்கினாள். "சரி, சேல மாத்திக்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். ஓசூரிலிருந்து பெங்களூர் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். ஆனாலும் அவள் அங்கே போனது ஒரே தடவை, புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனது.

ஷெவர்லேயின் பின்சீட்டில் ஓரமாக, மடியில் தயிர்ச்சட்டியை வைத்துக்கொண்டு அவள் வந்தாள். அத்திப்பள்ளி தாண்டி மைசூர் ராஜ்யத்துக்குள் நுழைந்ததும் புதுமாப்பிள்ளை ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் அவளுக்கு அது காதில் விழவில்லை.

குகைக்கோயில் வாசலில் ஆளுயரத்துக்கு மேலே கல்லில் செதுக்கின வட்டங்கள் நின்றன. பொண்ணும் மாப்பிள்ளையும் முன்னே போக, மற்றவர்கள் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். வெள்ளையம்மா செருப்புகளுக்குக் காவலாக வெளியே நின்றாள். எல்லாரும் வெளியே வந்து பூ வாங்கத் தொடங்கின பிறகுதான் உள்ளே போனாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பாறையே கூரை, பாறையே சுவர். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் லிங்கம் தெரிந்தது. கை கூப்பினாள். என்ன கேட்பது என்று யோசித்தாள். கேட்க ஒன்றும் வரவில்லை. தம்பி மகள் நன்றாக இருக்கட்டும் என்றாள். சுற்றி வருகிற பாதையில் உடம்பை மடக்கிக்கொண்டு, ஈரப் பாறையில் ஒரு கையை வைத்துத் தடவித் தடவிப் போனாள். நடுவழியில் முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு. கொஞ்சம் அங்கேயே நிற்க வேண்டும் போலிருந்தது. தன்னால் மற்றவர்களுக்கு நேரமாகிவிடுமோ என்ற பயத்தில் விறுவிறுவென்று வெளியே வந்தாள். அவர்கள் இன்னும் மல்லிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நந்திமலைக்கு ஏறும்போது காற்று மாறியது. வளைவுக்கு வளைவு தைலமர வாசனை. மேலே குளத்துக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மா இலை போட்டாள். குரங்குகளை ஒரு கையால் விரட்டிக்கொண்டே இன்னொரு கையால் பரிமாறினாள். சம்பந்தி மூன்றாம் தடவை புளிசோறு கேட்டு வாங்கினார்.

"ரொம்ப நல்லா இருக்குதே, யார் கைப்பக்குவம்?"

"எல்லாம் நம்ம வூட்டுப் பக்குவந்தாங்க" என்றாள் சரோஜம்மாள்.

சாப்பாடு முடிந்ததும், பழைய காலத்தில் குற்றவாளிகளைத் தள்ளிவிடுவார்களாம் என்று சொல்லப்பட்ட செங்குத்துப் பாறையைப் பார்க்க எல்லாரும் புறப்பட்டுப் போனார்கள். வெள்ளையம்மா கடைசியாகத் தான் சாப்பிட்டு, குழாயடியில் பாத்திரங்களைக் கழுவினாள். திம்மப்பன் வந்து அவற்றை வண்டிக்கு எடுத்துப் போனான். கையில் வேலை ஒன்றும் மிச்சமில்லை. மலைமேல் கோயில் கோபுரம் தெரிந்தது. அந்தப் பக்கம் நடந்தாள்.

கோட்டைச் சுவரோரம் போய் நின்றாள். கீழே பூமி அவ்வளவு தூரத்துக்குப் பரந்து கிடந்தது. ஏரிகள் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பளபளத்தன. ஊர்கள் எல்லாம் ஒரு கை மண்ணைத் தூவினது போலிருந்தன. ஓசூர் எந்தப் பக்கம் என்று தேடினாள். தெரியவில்லை. காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. அதை இழுத்துச் செருகிக்கொள்ளாமல் விட்டுவிட்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வருவதைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்து திரும்பினாள்.

தூறல் ஆரம்பித்திருந்தது. பாதி இறங்கியதும் கீழே வண்டிகள் நிற்கும் இடம் தெரிந்தது. எல்லாரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி ஓடி ஏறிக்கொண்டிருந்தார்கள். சரோஜம்மாள் இந்தத் தடவை மோரிஸில் சம்பந்தியம்மாள் பக்கத்தில் ஏறினாள். புதுப்பெண் ஷெவர்லேயில் ஏறினாள். பெருமாளின் குரல் காற்றில் மேலே வந்தது.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு" என்று இரண்டு வண்டியிலிருந்தும் பதில் போயிற்று.

வெள்ளையம்மா வாயைத் திறந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், கேட்டுவிடும் தூரம். ஆனால் குரல் எழவில்லை. தொண்டை அடைக்கவில்லை. அவள்தான் எழுப்பவில்லை. இப்போது யாராவது கேட்பார்கள் என்று நினைத்தாள். அக்கா எங்கே, அத்தை எங்கே, அண்ணி எந்த வண்டியில் என்று யாராவது ஒருத்தர் கேட்பார்கள். அதுவரைக்கும் நிற்போம்.

கதவுகள் சாத்தின. மோரிஸ் முன்னால் போயிற்று. ஷெவர்லே இரண்டு முறை உறுமிவிட்டுப் பின்னால் போயிற்று. முதல் வளைவில் நிற்கும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. அடுத்த வளைவில் மரங்களுக்கிடையே ஒரு தடவை தெரிந்தது. பிறகு பனி மூடிக்கொண்டது. இஞ்சின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு அதுவும் அடங்கிற்று.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. என்ன காரியம் செய்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். வண்டி நின்றிருந்த இடத்துக்கு ஓடிப்போய், அங்கே ஈரம் படாமல் காய்ந்து கிடந்த இரண்டு சதுரங்களையும் பார்த்தாள். தூறல் அவற்றையும் நனைத்துக்கொண்டிருந்தது.

"யாக்கம்மா ஒப்பளே நிந்திதியா?" என்று ஒரு குரல் கேட்டது. மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்ட ஒரு கிழவி, துடைப்பத்தோடு நின்று, ஏன் தனியாக நிற்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டாள். அவள் பெயர் கெம்பம்மா. அங்கேயிருந்த பங்களாவில் கூட்டிப் பெருக்குகிறவள். ஓசூர்க்காரிக்குக் கன்னடம் தெரியாமலிருக்குமா? வெள்ளையம்மா நடந்ததைச் சொன்னாள். குரல் கொடுக்காததை மட்டும் சொல்லவில்லை.

கெம்பம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இங்க வர்றவங்க குடைய மறந்துட்டுப் போவாங்க, செருப்ப மறந்துட்டுப் போவாங்க. ஆள மறந்துட்டுப் போறத இன்னைக்குத்தாம்மா பாக்கறேன்!" என்றாள் அவள் பாஷையில்.

வெள்ளையம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது முகம் கோணிக்கொண்டு அழுகையாகிவிட்டது. கெம்பம்மா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். கையைப் பிடித்துத் தன் குடிசைக்குக் கூட்டிப்போய், அடுப்பைக் கிளறி, வெல்லம் போட்ட காப்பியை ஒரு பித்தளை லோட்டாவில் கொடுத்தாள்.

"ஊர்ல யாரும் இல்லியா உனக்கு?"

"எல்லாரும் இருக்காங்க" என்றாள் வெள்ளையம்மா.

கெம்பம்மா இன்னொரு சுள்ளியை அடுப்பில் தள்ளினாள். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மழை கூரையில் விழுந்தது. வெள்ளையம்மாவின் காது மலைப்பாதையிலேயே இருந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஷெவர்லே மட்டும் திரும்பி வந்தது. பெருமாள் கதவைத் திறந்து இறங்கும்போதே சத்தம் போட்டார்.

"எங்க போன அக்கா? இப்டியா பண்ணுவ? எங்களுக்கு உசுரே இல்ல!"

வெள்ளையம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "எங்க வெச்சுத் தெரிஞ்சுது?"

"தேவனஹள்ளில. முறுக்கு, காப்பி சாப்டலாம்னு நிறுத்துனோம்."

"யாரு பாத்தது, நான் இல்லேன்னு?"

பெருமாள் திம்மப்பனைப் பார்த்தார். திம்மப்பன் தரையைப் பார்த்தான்.

"சரோஜாதான். முறுக்கு எந்தத் தூக்குல இருக்குன்னு கேக்க உன்னக் கூப்ட்டா. நீ அந்த வண்டில இருக்கறன்னு இவங்களும், இந்த வண்டில இருக்கறன்னு அவங்களும்... சரி விடு. நீ ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

"மேல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"எத?"

"நீங்க ஏறுனத. எல்லாரும் ஏறியாச்சான்னு நீ கேட்டது கூடக் காதுல விழுந்துச்சு."

"அப்ப ஏன் கூப்புடல?"

"யாராச்சும் கேப்பீங்களான்னு நின்னேன், பெருமாளு."

அவர் முகம் சிவந்தது. "சம்பந்தி முன்னால மானம் போச்சு எனக்கு! கூடப் பொறந்தவள மலமேல வுட்டுட்டு வந்துட்டான்னு ஊரு பேசும். இது வெளயாட்டா?" என்று கத்தினார். பிறகு கெம்பம்மாவிடம் ஏதோ கொடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். கிழவி வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டாள்.

பெருமாள் முன்சீட்டில் உட்கார்ந்தார். அத்தனை பெரிய வண்டியின் பின்சீட்டு முழுவதும் அவளுக்கு. அடிவாரம் வந்ததும் பெருமாள் திரும்பாமலே கேட்டார். "காலைல அந்தக் கோயில்ல நீ சாமி பாத்தியா, அக்கா?"

"பாத்தேன்."

"எனக்கு ஞாபகமே வரல. வழியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டு வந்தேன். நீ எங்க நின்னன்னு ஞாபகமே வரல" என்றார். வெள்ளையம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேவனஹள்ளியில் ஒரு சத்திரத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் இறங்கியதும் ஆளாளுக்குப் பேசினார்கள். சம்பந்தியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். சரோஜம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இலை போட்டு, "உக்காருங்க அண்ணி, நான் போடறேன்" என்று மிச்சமிருந்த தயிர்சோற்றை வைத்தாள். வெள்ளையம்மா உட்கார்ந்தாள். சுற்றி நின்று அத்தனை பேரும் அவள் சாப்பிடுவதையே பார்த்தார்கள். அத்தனை கண்களுக்கு முன்னால் அவள் என்றைக்கும் சாப்பிட்டதில்லை. நான்கு வாயோடு இலையை மடக்கிவிட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் அது ஒரு கதையாயிற்று. வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். வெள்ளையம்மாவும் உடன் சிரித்தாள். பெருமாள் மட்டும் அந்தப் பேச்சு எழுந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

தை பிறந்து, மாமரங்கள் பூவெடுத்த சமயம், அவள் தம்பியிடம் போய் நின்றாள். வேப்பனப்பள்ளியில் அவர்களுடைய தோப்பு ஒன்று இருந்தது. காவல்காரர் ஆஞ்சப்பனும் அவர் பெண்சாதி மாரம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டார்கள். தோப்புக்குள் ஓட்டுவீடு ஒன்று பூட்டிக் கிடந்தது.

"நான் அங்க போய் இருந்துக்கறேன்" என்றாள்.

"தனியா அங்க என்ன பண்ணுவ?"

"இருப்பேன்."

சரோஜம்மாள் அழுதாள். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் வெள்ளையம்மா. உண்மையும் அதுதான். பெருமாள் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரே மாட்டுவண்டி பிடித்து, அரிசி மூட்டையும் பாத்திரங்களும் ஏற்றி, உடன் போய் இறக்கிவைத்து, ஒட்டடை அடிக்கும்வரை இருந்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அவள் புது அடுப்பில் உலை வைத்தாள். கை பழக்கத்தில் அரிசியை அள்ளி அள்ளிப் போட்டுவிட்டது. வடித்துப் பார்த்தபோது ஒரு பந்திக்குக் காணும் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு தட்டில் தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டு, சூடு ஆறுமுன் மிச்சத்தைக் கொண்டுபோகச் சொல்லி மாரம்மாவைக் கூப்பிட்டாள். தோப்பு முழுக்கக் கேட்கும்படி, அவள் குரல் நன்றாகவே எழுந்தது.